கடல் காத்த கற்றூண்கள்

கடல்கோள் என்ற சொல் தமிழர்க்குப் புதியதன்று. கபாடபுரம் மறைந்த கதையையும் காவிரிப்பூம்பட்டினம் அலைவாய்ப்பட்ட கதையையும் இளமை முதலே கேட்டு வளர்ந்தவர்கள் நாம். 2004 ஆம் ஆண்டு மார்கழியில் ஆழிப்பேரலை கல்முனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று முதலிய ஊர்களின் கரையைத் தாக்கிய பின்னர், அச்சொல்லின் பொருளை நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. ஆயினும், நீருக்கடியிற் கிடக்கும் இடிபாடுகள் யாவற்றையும் கடலே விழுங்கிற்று என்று எண்ணுவது சரியன்று. அதற்கு நமது கிழக்குக் கரையிலேயே சான்று உண்டு.

திருக்கோணமலையில், திருஞானசம்பந்தர் பதிகம் பெற்ற கோணேசர் கோயிலைப் போர்த்துக்கேயர் 1620களின் முற்பகுதியில் இடித்தனர். அதன் கற்களிற் பல கோட்டை கட்டப் பயன்பட்டன. வேறு பல, செங்குத்தான சுவாமிமலையின் அடியிலே கடலுள் வீழ்ந்தன. கோயிலை அழித்தவன் மனிதன். கற்களைக் காத்தது கடல்.

முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக அவற்றை ஆராய்வார் இலர். முத்துக்குளிப்போர் ஒரு மூச்சிற் சென்று மீளும் நேரம் அதற்குப் போதாது. 1943 இல் பிரான்சிலே கூஸ்தோவும் கஞ்ஞானும் காற்றுக்கலத்தை முதுகிற் சுமந்து நீரினுள் மூச்சுவிடும் கருவியை அமைத்தனர். 1956 இல் இலங்கைக்கு வந்து குடியேறிய எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவர் நண்பர் மைக் வில்சனும் அத்தகைய கருவியுடன் அம்மலையடியிற் சுழியோடிச் செதுக்கிய தூண்களையும் கட்டடக் கற்களையும் கண்டனர். அச்செய்தியைக் கிளார்க் நூலாகவும் எழுதினார். வில்சன் மீட்ட இலிங்கம் இன்று மலைமேற் கோயிலில் வழிபாட்டில் இருக்கிறது.

அங்கே இறங்குவது எளிதன்று. பத்து மீற்றர் ஆழத்தில் அழுத்தம் இருமடங்காகும்; ஆகவே கலத்திலுள்ள காற்றும் இருமடங்கு விரைவிற் செலவாகும். சிவப்பு நிறம் முதலில் மங்கிவிடுவதால் யாவும் நீலமும் சாம்பலுமாகத் தோன்றும். விரைந்து மேலெழுந்தால் இரத்தத்திற் கரைந்த நைதரசன் குமிழாகி உயிருக்கே ஊறு செய்யும். வடகீழ்ப் பருவக்காற்று வீசும் மாதங்களில் நம் கரையிற் கடல் கலங்கிக் கொந்தளிக்கும். சித்திரை கழிந்து சில மாதங்களே தெளிந்திருக்கும். இத்தனையும் கற்றுத் தேர்ந்தவர்க்கே அந்தக் காட்சி.

எனினும், கண்டதெல்லாம் நகரம் ஆகிவிடாது. பூம்புகார்க் கடலில் 1991 இல் இந்தியத் தேசியக் கடலியல் நிறுவனத்தார் இருபது மீற்றருக்கும் மிகுந்த ஆழத்தில் இலாட வடிவான அமைப்பொன்றைக் கண்டனர். அது மனிதர் அமைத்ததா, இயற்கையின் ஆக்கமா என்பது பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. பெருமையை முன்னிறுத்தி முடிவை முந்திக் கூறுவது ஆராய்ச்சியாகாது.

இதில் நமக்கென்ன பங்கு என்று வினவலாம். அம்பாந்தோட்டைக்கு அணித்தான கொடவாயக் கடலில் சுமார் முப்பது மீற்றர் ஆழத்தில், ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டு பழைமையுள்ள கப்பலொன்றின் சிதைவுகள் உள்ளன. கண்ணாடிக் கட்டிகளும் அரைகல்லும் அதிற் கிடைத்தன. அதை முதலிற் கண்டவர்கள் பேராசிரியர்களல்லர், அவ்வூர் மீனவரே. அவர்கள் கண்டதை வெளிப்படுத்தியதனாலன்றோ, இந்துமாக்கடல் வாணிபத்தின் மறைந்த ஏடொன்று நமக்குக் கிடைத்தது!

அட்டாளைச்சேனைக் கரையிலும் நாள்தோறும் வலை இழுபடுகிறது. மீனோடு பழங்கலத்தின் ஓடோ, செதுக்கிய கல்லோ வந்தால் நாம் என் செய்வோம்? வீட்டு முற்றத்தில் வைப்போம். அல்லது வந்த விலைக்குக் கொடுப்போம். கோணேசர் இலிங்கம் வழிபாட்டுக்கு மீண்டது போற்றத்தக்கதே. ஆனால் எங்கே, எவற்றோடு கிடந்தது என்ற குறிப்பின்றி எடுக்கப்படும் கல், தன் வரலாற்றைக் கடலிலேயே விட்டு வருகிறது. கடலடியிற் காண்பதை அவ்விடத்திலேயே விட்டு, இடத்தைக் குறித்துத் தொல்பொருள் திணைக்களத்திற்கு அறிவித்தலே முறை. வலையில் வந்துவிட்டாலோ, வலை வீசிய இடத்தையும் சேர்த்துச் சொல்லுதல் வேண்டும்.

கோயிலோ, பள்ளிவாசலோ, வாணிபக் கப்பலோ, எதன் எச்சமாயினும் அது இக்கரையில் வாழும் நம் அனைவருக்கும் பொதுவான முதுசொம். இத்தனை நூற்றாண்டுகள் கடல் காத்ததைக் கரையில் நாம் இழந்துவிடலாகாது. இதனைப் பெற்றோர் பிள்ளைகளுக்கு எடுத்துரைப்பாராக.