உயர்திறன் மகிழுந்துகளும் தனிமுகவர் விற்பனை முறையும்

தனிமுகவர் விற்பனை முறை என்பது, ஒரு மகிழுந்து நிறுவனம் தன் வண்டிகளைத் தானே தேர்ந்தெடுத்த முகவர்கள் வழியாக மட்டும் விற்கும் ஏற்பாடு ஆகும். எல்லா வகை மகிழுந்துகளுக்கும் இம்முறை பொதுவானது. எனினும், ஸ்போர்ட்ஸ் கார் எனப்படும் உயர்திறன் மகிழுந்துகளை வாங்குவோரிடம் இதன் தாக்கம் மிகுதியாக உள்ளது. சாதாரண மகிழுந்து வாங்குபவர் ஒரு முகவரிடம் விலை ஒத்துவராவிட்டால் வேறொருவரை நாடலாம். சில நூறு வண்டிகளே உருவாக்கப்படும் வகைகளில், வாங்குபவர் முகவரைத் தேர்வதில்லை. முகவரும் நிறுவனமுமே வாங்குபவரைத் தேர்கின்றனர்.

சட்டப் பின்னணி

இம்முறையில் இரு வகைகள் உண்டு. ஒரு வட்டாரத்துக்கு ஒரே முகவரை அமர்த்துவது முதல் வகை. நிறுவனம் வகுத்த தகுதிகளை நிறைவு செய்வோரை மட்டும் முகவராக ஏற்பது இரண்டாம் வகை. பயிற்சி பெற்ற பணியாளர், சிறப்புக் கருவிகள், காட்சிக்கூடம் ஆகியவற்றுக்கு முகவர் பெருந்தொகை முதலிட வேண்டியிருப்பதால், அவருக்குப் பாதுகாப்புத் தேவை என்பது நிறுவனங்களின் வாதமாகும்.

ஐக்கிய அமெரிக்காவில், தம்மை நேர்மையின்றி நடத்தும் நிறுவனங்கள் மீது முகவர்கள் வழக்குத் தொடர 1956 ஆம் ஆண்டின் கூட்டரசுச் சட்டம் வழிவகுத்தது. பழைய முகவருக்கு அருகில் புதிய முகவரை அமர்த்துவதைப் பல மாநிலச் சட்டங்கள் கட்டுப்படுத்துகின்றன. நிறுவனம் தன் முகவர்களுக்கு விதிக்கும் இடக் கட்டுப்பாடுகள் தம்மளவிலேயே சட்டவிரோதமானவை அல்ல என்றும், அவற்றின் விளைவை ஆராய்ந்தே முடிவு செய்ய வேண்டும் என்றும் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1977 இல் தீர்ப்பளித்தது.

ஐரோப்பிய ஒன்றியத்தில், வேறு உறுப்பு நாட்டில் வண்டி வாங்கும் உரிமை பாதுகாக்கப்படுகிறது. இத்தாலிய முகவர்கள் செருமானிய, ஆத்திரிய வாடிக்கையாளருக்கு விற்பதைத் தடுத்ததற்காக ஃபோக்ஸ்வாகன் நிறுவனத்துக்கு ஐரோப்பிய ஆணையம் 1998 இல் 10.2 கோடி எக்கூ தண்டம் விதித்தது. 2000 இல் நீதிமன்றம் அதனை 9 கோடி யூரோவாகக் குறைத்தது. ஆயினும், முகவரிடம் ஒரே ஒரு வண்டி மட்டும் உள்ளபோது இவ்வுரிமையால் பெரும் பயன் விளைவதில்லை.

ஒதுக்கீடு

நிறுவனம் முகவர்களுக்கும், முகவர்கள் வாடிக்கையாளருக்கும் வண்டிகளைப் பங்கிடுவது ஒதுக்கீடு எனப்படும். முன்பு எத்தனை வண்டி வாங்கினார், அவற்றை எவ்வளவு காலம் வைத்திருந்தார் என்பவை இதில் கருதப்படுகின்றன. 2013 இல் அறிமுகமான லாஃபெராரி வகையின் 499 வண்டிகள் நிறுவனம் தேர்ந்தெடுத்த வாடிக்கையாளருக்கே விற்கப்பட்டன. கூடுதலாகச் செய்யப்பட்ட 500 ஆவது வண்டி, இத்தாலிய நிலநடுக்க மறுசீரமைப்புக்காக 2016 இல் 70 இலட்சம் டாலருக்கு ஏலம் போனது. அந்த ஒரு வண்டிக்கு மட்டும் பணமே தகுதியாக இருந்தது.

ஃபோர்ட் நிறுவனம் தன் ஜிடி வகைக்கு 2016 இல் விண்ணப்பங்களைப் பெற்று, அவற்றிலிருந்து வாங்குவோரைத் தேர்ந்தெடுத்தது. முதல் 500 வண்டிகளுக்கு 6,506 பேர் விண்ணப்பித்தனர்.

விலை

ஐக்கிய அமெரிக்காவில் 1958 ஆம் ஆண்டின் சட்டப்படி, புதிய மகிழுந்தின் சாளரத்தில் நிறுவனம் பரிந்துரைக்கும் விலை ஒட்டப்பட வேண்டும். அது பரிந்துரை மட்டுமே என்பதால் முகவர் அதற்கு மேலும் கேட்கலாம்.

பரிந்துரை விலை 2 இலட்சம் டாலராகவும், வெளிச்சந்தையில் அதே வண்டியின் விலை 3 இலட்சம் டாலராகவும் இருப்பதாகக் கொள்வோம். இடையிலுள்ள 1 இலட்சம் டாலர் யாரைச் சேரும் என்பதே சிக்கலின் மையம். முகவர் விலையை ஏற்றினால் அவரைச் சேரும். பரிந்துரை விலைக்கே விற்றால், வாங்கியவர் மறுவிற்பனை செய்து அதனைப் பெறலாம். புதிய வண்டியைப் பெறுவதற்காக வேறு வண்டிகளை முதலில் வாங்க நேர்ந்தால், அத்தொகையின் ஒரு பகுதி மறைமுகமாக நிறுவனத்தையும் முகவரையும் சேர்கிறது. 2016 இல் 991 வண்டிகள் மட்டும் செய்யப்பட்ட போர்சே 911 ஆர் வகை, வெளிச்சந்தையில் பரிந்துரை விலையைப் போலப் பல மடங்கு விலைக்கு விற்பனைக்கு வந்தமை இந்த இடைவெளிக்கு எடுத்துக்காட்டாகும்.

சில நிறுவனங்கள் விலையேற்றத்தைத் தடுக்க முயன்றுள்ளன. 2018 ஆம் ஆண்டு வகையான டாட்ஜ் டீமன் வண்டிக்கு, பரிந்துரை விலைக்கோ அதற்குக் குறைவாகவோ முடிவான விற்பனைகள் உற்பத்தி வரிசையில் முன்னுரிமை பெற்றன.

மறுவிற்பனைக் கட்டுப்பாடுகள்

ஃபோர்ட் ஜிடி வாங்கியோர் 24 மாதங்களுக்கு வண்டியை விற்கக் கூடாது என்பது ஒப்பந்தம். அதனை மீறி விற்றதாக மற்போர் வீரரும் நடிகருமான ஜான் சீனா மீது அந்நிறுவனம் 2017 இல் வழக்குத் தொடர்ந்தது. 2018 இல் இணக்கம் ஏற்பட்டது. இணக்கத் தொகை அறப்பணிக்கு வழங்கப்பட்டது.

ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 2022 இல் வேறு வழியைக் கையாண்டது. கோர்வெட் இசட்06 உள்ளிட்ட சில வகைகளை 12 மாதங்களுக்குள் விற்றால், உத்தரவாதத்தின் சில பகுதிகள் அடுத்த உரிமையாளருக்குச் செல்லாது என அறிவித்தது. இதனால் ஒப்பந்தத்தில் பங்கு பெறாத இரண்டாம் உரிமையாளரும் பாதிக்கப்படுகிறார் என்பது குறிப்பிடத்தக்கது.

பராமரிப்பு

நிறுவனம் இலவசமாக வழங்கினால் அன்றி, உத்தரவாதம் நீடிக்கக் குறிப்பிட்ட நிறுவனத்தின் பாகங்களையோ பணியையோ பயன்படுத்த வேண்டும் எனப் பொதுவாக நிபந்தனை விதிக்க இயலாது என்று ஐக்கிய அமெரிக்காவின் 1975 ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. எனினும், முகவரின் பணிமனையில் பராமரிக்கப்பட்ட பதிவேடு மறுவிற்பனை மதிப்பை உயர்த்துவதால், உரிமையாளர் பலர் முகவரையே நாடுகின்றனர்.

ஆதரவும் எதிர்ப்பும்

ஊக வணிகர்களைத் தவிர்த்து, வண்டியை ஓட்ட விரும்புவோரிடம் அதனைச் சேர்க்க இம்முறை உதவுகிறது என்பர் ஆதரிப்போர். ஒதுக்கீட்டு விதிகள் பெரும்பாலும் வெளியிடப்படுவதில்லை என்பதும், மறுக்கப்பட்டவர் காரணம் அறியவோ மேல்முறையீடு செய்யவோ வழியில்லை என்பதும், புதிதாக வாங்க வருவோர் பின்தள்ளப்படுகின்றனர் என்பதும் எதிர்ப்போர் கூறும் குறைகள்.

டெஸ்லா நிறுவனம் 2008 இல் தன் ரோட்ஸ்டர் வகையை முகவரின்றி நேரடியாக விற்றது. நேரடி விற்பனை முகவரின் விலையேற்றத்தை நீக்கும். ஆனால் வண்டிகளின் எண்ணிக்கை தேவையைவிடக் குறைவாக உள்ளவரை, யாருக்கு விற்பது என்ற முடிவு நிறுவனத்திடமே இருக்கும்.