உணர்கொம்பும் தேயிலைச் செடியும்

பதுளை, பசறைப் பகுதிகளிலே கவ்வாத்துக் கத்தி தேயிலைக் கிளையொன்றை வெட்டும்போது, குண்டூசி நுழையுமளவான துளைகள் சில வேளை தென்படும். அவை இரண்டு மில்லிமீற்றர் அளவான ஒரு துளைவண்டின் வேலை. அவ்வண்டு மரத்தை உண்பதில்லை. தான் கொண்டுவந்த பூஞ்சணத்தைத் துளையின் சுவரிலே வளர்த்து, அதையே தானும் உண்டு தன் புழுக்களுக்கும் உணவாக்குகிறது. துளைபட்ட கிளையோ வலுவிழந்து முறிகிறது.

புதிய செடியை நாடிப் பறப்பது பெண்வண்டே. அதற்கு மூக்காக அமைந்தவை தலையிலுள்ள இரு உணர்கொம்புகள். அவற்றின் நுனி கதாயுதம் போலப் பருத்து, நுண்மயிர்களைத் தாங்கி நிற்கும். பூச்சிகளின் இத்தகைய மயிர்களை இலத்திரன் நுணுக்குக்காட்டியில் நோக்கினால், அவை ஒரே வகையின அல்ல என்பது புலனாகும். சுவரெங்கும் நுண்துளைகள் உள்ளவை மணத்தை அறிவன. மணத்துணிக்கைகள் அத்துளைகள் வழியே புகுந்து நரம்பு முனைகளை அடைகின்றன. நுனியில் மட்டும் துளையுள்ளவை சுவையை அறிவன. துளையே இல்லாதவற்றுட் பல தொடுகையை உணர்வன.

பகைக்கு உதவும் இக்கருவி நட்புக்கும் உதவுகிறது. தேயிலை இலைகளை நூலால் ஒட்டி, உள்ளே மறைந்து வாழும் புழு ஒன்றுண்டு. அதனை அடக்குவதற்காக 1935, 1936ஆம் ஆண்டுகளில் சாவகத்திலிருந்து 'மக்ரோசென்ரசு' என்னும் ஒட்டுண்ணிக் குளவி இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது. இத்தகைய குளவிகள் நூல்போன்ற நீண்ட உணர்கொம்புகளால் மோப்பம் பிடித்து, இலைக்கூட்டினுள் மறைந்திருக்கும் புழுவைத் தேடி, அதன் உடலிலே முட்டையிடும். பொரிக்கும் குஞ்சுகள் அப்புழுவையே உண்டு வளரும். இவ்வாறு இலையொட்டிப் புழுவின் தொல்லை தணிந்தது.

பின்னர், துளைவண்டை ஒழிப்பதற்கு 'டீல்ட்ரின்' என்னும் நஞ்சு தோட்டங்களிலே தெளிக்கப்பட்டது. வண்டுக்கு வைத்த நஞ்சு குளவியையும் மாய்த்தது. தேடிப் பிடிக்கும் குளவி குறையவே, அடங்கியிருந்த இலையொட்டிப் புழு 1960களில் மீண்டும் பெருகியது. ஒரு பகையை வெல்லச் சென்றவர்கள் மற்றொரு பகையை எழுப்பிவிட்டனர்.

கொழுந்து குறைந்தால் தோட்டத்தின் வருவாய் மட்டுமன்று, கொழுந்தெடுப்பவளின் நாட்சம்பளமும் குறையும். ஆதலால் ஒரு நஞ்சைத் தேர்வோர், அதனால் எந்தப் பூச்சி மடியும் என்பதோடு அமையாது, செடியைக் காக்கும் எந்தப் பூச்சியை இழக்க நேரும் என்பதையும் முன்னரே ஆராய்தல் வேண்டும்.