சிலம்ப வரிசையும் தற்காப்பும்

கோயிற்றிருவிழாவிலும் கலியாண ஊர்வலத்திலும் சிலம்படி கண்டு களித்தோர் எம்மிற் பலர். காரைதீவிலும் அதனை அடுத்த முஸ்லிம் ஊர்களிலும் சிலம்படி, சீனடி என்பன தமிழரும் முஸ்லிம்களும் ஒருங்கே போற்றிய கலைகளாம். ஆயினும், கம்பு சுழலும் வேகத்துக்குக் கைதட்டும் நாம், ‘இச்சுழற்சி எவ்வடியைத் தடுக்கின்றது?’ என்று வினவுவதில்லை. ஆடும் இளைஞரை வினவினும், விடை கூற வல்லார் மிகச் சிலரே. வரிசை எஞ்சி நிற்கின்றது; அதன் பொருளோ மறைந்து வருகின்றது. அதனை மீட்டும் காணும் வழியை இங்கு ஆராய்வோம்.

வரிசை என்பது அடி, தடை, காலடி, திருப்பம் ஆகியவற்றின் கோவை. ஏட்டில் எழுதாது உடலில் எழுதிய பாடநூல் அது. அதனைப் படிக்கப் புகுவோர் ஒவ்வோர் அசைவையும் நோக்கி நான்கு வினாக்களை எழுப்புதல் வேண்டும். எதிரி எப்பக்கம் நிற்கின்றான்? எவ்வளவு தூரத்தில் நிற்கின்றான்? எவ்வாறு தாக்குகின்றான்? அசைவு முடிந்தபின் இருவரும் எந்நிலையில் இருப்பர்?

தலைக்கு மேலே கம்பைச் சுழற்றும் அசைவை எடுத்துக்கொள்வோம். ஊர்வலத்தில் அது பத்து முறை சுழலும். தற்காப்புக்கு அரைச் சுற்றே போதும். மேலிருந்து விழும் அடியைச் சாய்வாக உயர்த்திய கம்பு ஏற்று வழுக்கிவிடும். அவ்வேகத்திலேயே மறுமுனை சுழன்று எதிரியின் மணிக்கட்டிலோ முழங்காலிலோ இறங்கும். கம்பைக் கிடையாகப் பிடித்தால் அடியின் முழு விசையும் கையைத் தாக்கும். ஆதலின் சாய்வே இவ்வசைவின் உயிர். கம்பில்லாதவிடத்துக் குடையும் கைத்தடியும் இதற்கு உதவும்.

காலடியும் இத்தகையதே. நேரே பின்வாங்குவோன் அடுத்த அடிக்கும் இலக்காவான். மூலைப்பக்கமாகக் கால் வைப்போனோ அடி வரும் கோட்டை விட்டு விலகி, எதிரியின் விலாப்புறத்தை அடைகின்றான். பின்னே திரும்பும் அசைவு, பின்னால் ஒருவன் வருகின்றான் என்பதையே எப்பொழுதும் குறிப்பதன்று. கையைப் பற்றியவனை நிலைகுலைத்து இழுப்பதற்கும் அத்திருப்பமே கருவியாகும். வெறுங்கையாற் பயிலும் குத்துவரிசையில் மணிக்கட்டு முறுகுவதன் பயனும் இவ்வாறு விளங்கும். பற்றிய கையிற் பெருவிரலும் ஏனைய விரல்களும் சந்திக்கும் இடமே வலிகுறைந்தது. அவ்வழியே முறுக்கி இழுத்தாற் பிடி விடுபடும்.

இவ்வாராய்ச்சி எமக்கு மட்டும் உரியதன்று. ஒக்கினாவாத் தீவிற் கராத்தேயைப் பள்ளிக்கூடங்களுட் புகுத்திய இட்டோசு ஆங்கோ என்னும் ஆசான், 1908ஆம் ஆண்டு எழுதிய பத்து அறிவுரைகளுள், ஒவ்வோர் அசைவின் விளக்கத்தையும் அதனை வழங்கும் சமயத்தையும் அறிந்தே பயிலல் வேண்டும் என்று வற்புறுத்தினார். இடுப்புக்கு இழுக்கும் கை அழகுக்கன்று, எதிரியின் கையைப் பற்றி இழுப்பதற்கே என்று அக்கலையில் வல்லார் விளக்குவர்.

காரைதீவு ஈன்ற விபுலானந்த அடிகளும் வேறொரு துறையில் இதனையே செய்தார். பழம் நூற்குறிப்புகளை ஆராய்ந்து, கணக்கிட்டு, வழக்கொழிந்த யாழின் வடிவையும் இசையையும் 1947ஆம் ஆண்டு வெளிவந்த யாழ் நூலில் விளக்கினார். எஞ்சிய குறிப்பிலிருந்து மறைந்த பொருளைக் காணலாம் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று எமக்கு வேண்டுவதில்லை.

எனினும், கண்ட பொருளைச் சோதித்தல் இன்றியமையாதது. துணி சுற்றிய கம்புடன், ஆசான் முன்னிலையில், முதலில் மெதுவாகவும் பின்னர் விரைவாகவும் ஒருவனை எதிர்நிறுத்திப் பயில்க. தன்னினும் வலியவனிடத்துப் பயன்படாத விளக்கம் பிழையான விளக்கமே. சில அசைவுகள் உடற்பயிற்சிக்கும் சில அலங்காரத்துக்கும் அமைந்தனவாதலின், எல்லாவற்றுக்கும் வலிந்து பொருள் கூறுதலும் தவறாகும்.

அளவறிதலும் கலையின் ஒரு பகுதியே. 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை தற்காப்புரிமையை ஏற்கின்றது. ஆயின் காப்புக்குத் தேவையானதை விஞ்சிய தீங்கை அது அனுமதிப்பதில்லை. தப்பிச் செல்ல வழி பிறந்ததும் கம்பைத் தாழ்த்துவோனே கலையை முற்றக் கற்றவன்.

பழைய மாணவருள் இளமையிற் சிலம்படி பயின்றோர் இருப்பின், தாம் கேட்ட விளக்கங்களை எழுதி வைப்பாராக. மாணவரும் தத்தம் ஊர் வாத்தியார்களை அணுகி, ‘இது எதற்கு?’ என்று பணிவுடன் கேட்பாராக. விடை கூற வல்லார் இருக்கும்போதே வினவுதல் எம் கடன்.