கையும் கருவியும் – 14: இருபது கஜத்துக்குள்

அம்பு மானை எட்டுவதற்கு முன்பே நாணின் சத்தம் எட்டிவிடும். மரவில்லிலிருந்து கிளம்பும் அம்பு வினாடிக்கு 150, 160 அடி போகும். ஒலி 1,100 அடி போகும். இருபது கஜத்தில் நிற்கும் மானுக்கு, ஓசை காதில் விழுவதற்கும் அம்பு உடம்பில் படுவதற்கும் நடுவே ஒரு வினாடியில் மூன்றில் ஒரு பங்கு கிடைக்கிறது. பாய்ந்து ஓடுவதற்காகக் கால்களை மடக்கி உடம்பைத் தாழ்த்த அதற்கு அந்த நேரம் போதும். அம்பு முதுகுக்கு மேலே போய்விடும். துப்பாக்கிக் குண்டோ ஒலியை முந்திக்கொண்டு போவது. வெடிச்சத்தம் வந்து சேருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

துப்பாக்கி கையில் இருந்தும் அதை வீட்டில் வைத்துவிட்டு வில்லோடு காட்டுக்குப் போகிறவர்களின் சந்தோஷம் அந்த மூன்றில் ஒரு பங்கு வினாடியில் இருக்கிறது என்று நம்புகிறேன். மானுக்கு அந்த அவகாசம் இருப்பதால்தான் வேட்டைக்காரனுக்கு இவ்வளவு வேலை. மான் சற்றும் மிரளாமல், தன்பாட்டில் மேய்ந்துகொண்டிருக்கும்போது அதன் பக்கத்தில் போய் நிற்க வேண்டும். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது, எந்தச் சருகு நொறுங்கும், மான் எப்போது தலை தூக்கும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

சென்ற வாரம் நாண் முறுக்குவதைப் பார்த்தோம். இந்த வாரம், வில்லைக் கைமாற்றிக் கொடுத்தவர் ஒருவர், வாங்கிக்கொண்டவர் ஒருவர் என்று இரண்டு பேர்.

1911 ஆகஸ்ட் கடைசியில், கலிபோர்னியாவின் ஓரோவில் ஊருக்கு வெளியே பட்டினியோடு ஒருவர் பிடிபட்டார். யாஹி என்ற பூர்வகுடி மக்களில் எஞ்சியவர் அவர் ஒருவரே. தங்கம் தேடி வந்தவர்களும் அவர்கள் பின்னால் வந்த குடியேறிகளும் அவருடைய மக்களைத் துப்பாக்கியால் வேட்டையாடித் தீர்த்திருந்தார்கள். மிச்சமிருந்த சிலர் டீர் க்ரீக் பள்ளத்தாக்கில் பல ஆண்டுகள் ஒளிந்து வாழ்ந்தார்கள். சுட்டால் சத்தம் வெளியே கேட்கும். வில்லுக்கு அந்த ஆபத்து இல்லை. அவர் தன் பெயரைக் கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை. மானுடவியலாளர் ஆல்ஃபிரட் க்ரோபர் அவரை இஷி என்று அழைத்தார். சான் பிரான்சிஸ்கோவில் பல்கலைக்கழக அருங்காட்சியகமே அவருக்கு வீடானது.

அருங்காட்சியகத்தை அடுத்து மருத்துவக் கல்லூரி. அங்கே அறுவை சிகிச்சை கற்பித்தவர் சாக்ஸ்டன் போப். 1912-இல் இஷியோடு பழக ஆரம்பித்தவர், அவரிடமே வில்வித்தை படித்தார். தன் மக்களைக் கொன்றவர்களின் இனத்தைச் சேர்ந்த ஒருவருக்கு, கடைசி யாஹி தன் மக்களின் கலையை ஒளிவுமறைவில்லாமல் சொல்லிக்கொடுத்தார். இந்த இடத்தைக் கடந்து போக எனக்கு மனம் வருவதில்லை. அமெரிக்காவில் இன்று மரவில் எடுத்து வேட்டைக்குப் போகிறவர்களில் பெரும்பாலோருக்கு, தெரிந்தோ தெரியாமலோ, அந்தக் கொடையில் ஒரு பங்கு வந்து சேர்ந்திருக்கிறது.

இஷியின் வில் ஜூனிபர் மரத்தில் செய்தது. முதுகில் மான் தசைநாரை ஒட்டியிருப்பார். இழுப்பு 40 பவுண்டுக்குச் சற்று மேல், அவ்வளவுதான். அம்பு முனையை எரிமலைக் கண்ணாடிக் கல்லில் கொம்புத் துண்டால் அழுத்தி அழுத்திச் செதுக்குவார். தன் வில்லை யாரும் தாண்டிப் போக விடமாட்டார். மைதானத்தில் தொலைதூர இலக்குக்கு அம்பு விடும் போட்டியில் அவர் அப்படியொன்றும் கெட்டிக்காரர் இல்லை; போப்பே சீக்கிரம் அவரை மிஞ்சிவிட்டார். ஆனால் காட்டில், புதருக்குள் குந்தி உட்கார்ந்து, பத்து இருபது கஜத்தில் அணிலையோ முயலையோ குறிவைக்கும்போது ஆள் வேறு.

வேட்டைக்கு முன்தினம் இஷி மீன் தின்னமாட்டார், புகையிலை தொடமாட்டார். விடியலில் ஓடையில் குளித்து, மணமுள்ள இலைகளை உடம்பெங்கும் தேய்த்துக்கொள்வார். மனித வாடை மானுக்குப் போய்விடக் கூடாது. பிறகு காற்று தன் முகத்தில் அடிக்கும்படி நடப்பார். விரல்களை உதட்டில் வைத்து உறிஞ்சி, அடிபட்ட முயல் கிறீச்சிடுவது போல ஓசை எழுப்புவார். முயல்கள் என்னவென்று பார்க்க வரும்; ஒருமுறை காட்டுப்பூனையே வந்து நின்றது. மானுக்கு வேறு உபாயம்: பதப்படுத்திய மான் தலையைத் தன் தலையில் மாட்டிக்கொண்டு புதர் மறைவில் மெல்ல எழுந்து தாழ்வார். மானுக்கு இயல்பிலேயே எதையும் தெரிந்துகொள்ளும் ஆசை அதிகம். அது தானே நெருங்கி வரும். ஓடுகிற மானைத் துரத்தமாட்டார். மணிக்கணக்காகக் காத்திருப்பதில் அவருக்குச் சலிப்பே இருந்ததில்லை. அத்தனை நேரமும் அவர் காட்டைக் கேட்டுக்கொண்டிருந்தார். எந்தப் பறவை எதற்குக் கத்துகிறது, அணில் யாரைத் திட்டுகிறது என்று போப்புக்குச் சொல்லிக்கொண்டே போவாராம்.

1914-இல் இஷி, போப், க்ரோபர் எல்லோரும் டீர் க்ரீக்குக்கே போய்க் கூடாரமடித்தார்கள். இரண்டு ஆண்டுகளில், 1916 மார்ச்சில், காசநோய் இஷியைக் கொண்டுபோனது. அவருடைய வில் ஒன்றையும் ஐந்து அம்புகளையும் உடலோடு வைத்தார்கள்.

போப் விடவில்லை. ஆர்தர் யங் என்ற நண்பரோடு சேர்ந்து வேட்டையாடி, 1923-இல் வில் வேட்டை பற்றிய தன் புத்தகத்தை வெளியிட்டார். அதைப் படித்து வில் எடுத்தவர்கள் ஏராளம். அரசின் அனுமதி பெற்று யெல்லோஸ்டோனில் அருங்காட்சியகத்துக்காகக் கரடிகளை வீழ்த்தியதையும், 1925-இல் ஆப்பிரிக்கா போய்ச் சிங்கங்களைத் தேடியதையும் பலர் பெருமையாகச் சொல்வார்கள். என்னால் சேர்ந்துகொள்ள முடியவில்லை. பக்கத்தில் துப்பாக்கிக் காவலோடு சிங்கத்தின் முன் நிற்பது வில்லின் வலிமையை நிரூபிக்கும் முயற்சி. இஷி கற்றுக்கொடுத்தது வேறு வித்தை.

அம்பு கொல்லும் விதமும் வேறு. குண்டு அதிர்ச்சியால் சாய்க்கும். அம்பு அறுத்து ரத்தம் வடியச் செய்யும். அதனால் முனை சவரக் கத்தி போல இருக்க வேண்டும், நெஞ்சுக்கூட்டுக்குள் போக வேண்டும். தவறினால் அந்தப் பிராணி எங்கோ போய் நாள்கணக்கில் வதைபடும். வில் வேட்டையை எதிர்ப்பவர்கள் இதைத்தான் சொல்கிறார்கள். அந்தக் குற்றச்சாட்டில் நியாயம் இருக்கிறது. அதற்கு நல்ல வில்லாளி தரும் ஒரே பதில், தன் எல்லைக்கு அப்பால் நிற்கும் மான்மேல் அம்பு விடாமல் இருப்பது. இருபது கஜம் என்று வைத்துக்கொண்டால் இருபத்தைந்தில் நிற்கும் கொம்பனைப் பார்த்துவிட்டு நாணைத் தளர்த்திவிடுவார். பட்டுவிட்டாலோ பின்னால் ஓடமாட்டார். அரை மணி நேரமாவது அசையாமல் இருந்துவிட்டுத்தான் ரத்தத் தடம் பிடிப்பார். விரட்டாவிட்டால் மான் பக்கத்திலேயே படுத்துவிடும்.

1934-இல் விஸ்கான்சின் மாநிலம் மான் வேட்டையில் வில்லுக்கென்று தனிப் பருவம் ஒதுக்கியது. பிற மாநிலங்களும் தொடர்ந்தன. 1966-இல் மிசௌரிக்காரர் வில்பர் ஆலன் கப்பி வைத்த வில்லுக்குக் காப்புரிமை கேட்டார், 1969-இல் கிடைத்தது. முழுதாக இழுத்த பிறகு கப்பி பாரத்தைத் தாங்கிக்கொள்ளும். நிதானமாகக் குறிபார்க்கலாம். மரவில்லில் முழுப் பாரமும் விரலில் நிற்கும். இரண்டு மூன்று வினாடிக்குமேல் பிடித்திருக்க முடியாது. இன்று அமெரிக்க வில் வேட்டையில் கப்பி வில்லும் குறுக்குவில்லுமே அதிகம். தூரம் கூடிவிட்டது.

சூழலியலாளர் ஆல்டோ லியோபோல்ட் இதை முன்பே கண்டவர். கடையில் வாங்கும் சாதனம் கூடக்கூடக் காட்டறிவு குறைகிறது என்று வருந்தி எழுதிய அவர், வில் வேட்டை மறுபடி தலையெடுத்ததை அதற்கு எதிரான நல்ல அறிகுறியாக எண்ணினார். அவரே வில் செய்வார். மனைவி எஸ்டெல்லா விஸ்கான்சினின் பெண்கள் வில்வித்தைச் சாம்பியன். ஆஸேஜ் என்ற மரத்தின் கட்டையில் வருட வளையத்தை அறுக்காமல் வில் செதுக்குவது எப்படி என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.