நோன்பும் ஜெபமும்

உண்ணா நோன்பு எந்த ஒரு சமயத்திற்கும் தனியுரிமை அன்று. ஏகாதசியன்று உணவை விடுத்துத் திருமாலை நினைப்போர் நம்மிடையே உண்டு. ரமலான் மாதம் முழுவதும் பகற்பொழுதில் நீரும் அருந்தாமல் இறைவனைத் தொழுவோர் உண்டு. சமண முனிவரோ நோன்பின் எல்லையையே கண்டவர்கள். கிறிஸ்தவரிடையிலும் இவ்வழக்கம் தொன்றுதொட்டு இருந்து வருகிறது. கத்தோலிக்கர் இதனை ஒருசந்தி என்பர்; சீர்திருத்தச் சபையார் உபவாசம் என்பர். கிறிஸ்து உயிர்த்தெழுந்த திருநாளுக்கு முன் வரும் நாற்பது நாட்களை முன்னவர் தவக்காலம் என்றும், பின்னவர் லெந்து காலம் என்றும் வழங்குவர். பெயர் எதுவாயினும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே. வயிறு காய்வதற்கும் ஜெபத்திற்கும் என்ன தொடர்பு? நாம் பசித்திருப்பதைக் கடவுள் விரும்புகிறாரா?

இது ஏட்டளவில் எழும் கேள்வி அன்று. லெந்து காலம் பெரும்பாலும் பிப்ரவரியில் தொடங்கி ஏப்ரலில் முடிவது. நம் பள்ளிகளில் ஆண்டிறுதித் தேர்வுகள் நடைபெறுவதும் ஏறத்தாழ அக்காலத்தில்தான். நான் தலைமையாசிரியனாகப் பணியாற்றிய நாட்களில், காலையுணவு கொள்ளாமல் தேர்வுக்கு வந்து சோர்ந்து விழுந்த மாணவர் சிலரைக் கண்டதுண்டு. காரணம் கேட்டால், “தேர்ச்சி பெற வேண்டி உபவாசம் ஐயா” என்று விடை வரும். மகனுக்கு வேலை கிடைக்க வேண்டும் என்று வெள்ளிதோறும் உண்ணாதிருந்த ஒரு தாயார், வேலை கிடைக்காதபோது, தம் நோன்பில் எங்கோ குறை நேர்ந்துவிட்டது என்று தம்மையே நொந்துகொண்டார். இவர்களுடைய பக்தியைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை. ஆயினும், நோன்பு கடவுளுக்கு நாம் செலுத்தும் விலை என்னும் எண்ணம் இவர்கள் உள்ளத்தில் குடிகொண்டிருக்கிறது. அவ்வெண்ணம் சரிதானா என்பதை வேதாகமத்தைக் கொண்டே ஆராய்வோம்.

பழைய ஏற்பாட்டில் தாவீது அரசனின் வரலாறு இதற்கு நல்ல விடை. அவனுடைய குழந்தை நோயுற்றது. அரசன் உண்ணாமல் தரையிற் கிடந்து மன்றாடினான். ஏழாம் நாள் குழந்தை இறந்தது. செய்தியைச் சொல்லவும் ஊழியர் அஞ்சினர். உயிரோடிருக்கும்போதே இவ்வளவு வருந்தியவன் இப்போது என்ன செய்துகொள்வானோ என்பது அவர்கள் கவலை. ஆனால் தாவீது எழுந்தான்; நீராடினான்; ஆண்டவரின் ஆலயம் சென்று தொழுதான்; பின்னர் வீடு திரும்பி உணவு கொண்டான். கேட்டது கிடைக்கவில்லை, ஆயினும் தொழுகை நிற்கவில்லை. அவன் நோன்பு பேரமாக இருந்திருந்தால், பேரம் முறிந்தவுடன் தொழுகையும் முறிந்திருக்கும். மேற்சொன்ன தாயார் போன்றோர்க்கு இவ்வரலாற்றை எடுத்துச் சொல்ல வேண்டும். வேண்டுதல் நிறைவேறாமை நோன்பின் குறையைக் காட்டும் அடையாளம் அன்று.

அப்படியானால் நோன்பின் பயன் யாது? முதற்பயன், நம்மை நமக்குக் காட்டுவது. காலையில் காப்பி ஒரு நாழிகை தாமதமானால் வீட்டார்மீது சினந்து விழுகிறோம். நம்மை ஆள்வது அறிவா, நாக்கா என்பது அப்போது விளங்கிவிடுகிறது. இரண்டாவது, நாம் தாமாக நிற்பவர் அல்லர், ஒரு பிடி சோற்றினால் நிற்பவர் என்னும் உண்மையை உடலே நினைவூட்டுகிறது. அந்நினைவு வந்தபின் மனிதன் செய்யும் ஜெபத்தில் வீண் சொற்கள் குறையும். மூன்றாவது, பசியறியாதவன் பசித்தவனை உணர்கிறான். முதலிரண்டும் தன்னோடு நின்றுவிடக்கூடியவை. மூன்றாவதே நோன்பை நிறைவு செய்வது.

இதனை மிகக் கடுமையாக எடுத்துரைத்தவர் ஏசாயா தீர்க்கதரிசி. அவருடைய நூலின் 58-ஆம் அதிகாரத்தில் மக்கள் முறையிடுகிறார்கள்: நாங்கள் உபவாசித்தும் கடவுள் ஏன் பாராமல் இருக்கிறார்? வரும் மறுமொழி அவர்கள் எதிர்பாராதது. நோன்பு நாளிலேயே வேலையாட்களை வருத்துகிறீர்கள்; வழக்காடுகிறீர்கள்; இரட்டுடுத்திச் சாம்பலில் அமர்ந்தால் போதுமா என்று அது வினவுகிறது. ஒடுக்கப்பட்டவரை விடுவிப்பதும், பசித்தவனோடு உணவைப் பகிர்வதும், வீடற்றவனுக்கு இடங்கொடுப்பதுமே கடவுள் விரும்பும் நோன்பு என்பது அவ்வதிகாரத்தின் கருத்து. எசமானர் உபவாசமிருக்கும் வீட்டில் சமையற்காரர் வசை கேட்டு நிற்பாராயின், அங்கே நோன்பு நடைபெறவில்லை. பட்டினி மட்டுமே நடைபெறுகிறது.

இயேசு பெருமான் தம் பொதுவாழ்வைத் தொடங்குமுன் நாற்பது நாள் பாலைநிலத்தில் உண்ணாதிருந்தார் என்று சுவிசேஷங்கள் கூறுகின்றன. மலைப்பிரசங்கத்தில் அவர் ஈகை, ஜெபம், நோன்பு ஆகிய மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் பேசுகிறார். மூன்றுக்கும் அவர் விதிப்பது ஒரே நிபந்தனை: பிறர் காணச் செய்யாதீர்கள். நோற்பவன் வாடிய முகத்தோடு திரியாமல், தலைக்கு எண்ணெய் பூசி முகங் கழுவி இயல்பாக இருக்க வேண்டும் என்கிறார். சபை கூடி ஒருமனதாக நோற்பதை இது தடுப்பதன்று. அந்தியோகியாச் சபையார் கூடி நோற்று ஜெபித்தே பவுலையும் பர்னபாவையும் ஊழியத்திற்கு அனுப்பினர். இயேசு தடுப்பது விளம்பரத்தையே.

ஆதித் திருச்சபையார் இம்மூன்றையும் பிரிக்கவில்லை. திதாக்கே என்னும் மிகப் பழைய போதனை நூல் புதன், வெள்ளி ஆகிய இரு நாட்களையும் நோன்பு நாட்களாகக் குறிக்கிறது. இரண்டாம் நூற்றாண்டில் அரிஸ்தீதேஸ் என்னும் அறிஞர் உரோமைப் பேரரசனுக்கு எழுதிய விண்ணப்பத்தில், கிறிஸ்தவர் தம்மிடம் மிகுதியான உணவு இல்லாதபோது, இரண்டு மூன்று நாள் தாம் உண்ணாதிருந்து ஏழைக்கு அளிப்பர் என்று எழுதினார். அதே நூற்றாண்டில் உரோமையில் தோன்றிய ஹெர்மாஸ் என்பவரின் ‘மேய்ப்பன்’ என்னும் நூல் இன்னும் நுணுக்கமானது. நோன்பு நாளில் உண்ணாது விட்ட உணவின் விலையைக் கணக்கிட்டு, அத்தொகையைக் கைம்பெண்ணுக்கோ அனாதைக்கோ வறியவனுக்கோ கொடுத்துவிட வேண்டும் என்று அது விதிக்கிறது. கணக்கு ஆசிரியர் எவரும் இதனைப் பாராட்டாமல் இருக்க முடியாது. இல்லையேல் நோன்பு ஒரு சிக்கனத் திட்டமாகவே முடிந்துவிடும்.

லெந்து காலத்திலும் ஒரு கணக்கு உண்டு. சாம்பல் புதன் முதல் பெரிய வெள்ளிக்கு மறுநாளாகிய சனி வரை எண்ணினால் 46 நாட்கள் வரும். இடையில் வரும் ஞாயிறு ஆறு. ஞாயிறு உயிர்த்தெழுந்த நாள், அன்று நோற்பதில்லை. ஆதலின் 40 நாட்கள் எஞ்சுகின்றன. துயரம் காக்கும் காலத்திலும் வாரத்திற்கு ஒரு நாள் மகிழ்ச்சிக்கு இடம் விட்டிருப்பது சிந்திக்கத்தக்கது.

காலப்போக்கில் நோன்பு சட்டமாக இறுகியது. 1522-ஆம் ஆண்டு லெந்து காலத்தில் சூரிக் நகரத்தில், கிறிஸ்டோப் பிரோஷவர் என்னும் அச்சகத்தார் இல்லத்தில் சிலர் விதியை மீறி இறைச்சி உண்டனர். கடும் உழைப்புக்கு வலிமை வேண்டியிருந்தது என்பது அவர் கூறிய காரணம். உடனிருந்த ஸ்விங்கிலி உண்ணவில்லை. ஆயினும், உணவைப் பற்றிய கட்டாயத்தை வேதம் விதிக்கவில்லை என்று பின்னர்ப் பிரசங்கித்தார். ஆனால் சீர்திருத்தத்தார் நோன்பையே கைவிட்டனர் என்று கொள்ளுதல் தவறு. ஜான் வெஸ்லி இளமையில் புதனும் வெள்ளியும் நோற்றவர். கத்தோலிக்கத் திருச்சபையும் 1966-ஆம் ஆண்டு, ஆறாம் பவுல் காலத்தில் விதிகளைத் தளர்த்தியது. இன்று சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும் மட்டுமே அங்குக் கட்டாய ஒருசந்தி நாட்கள். 18 வயது நிறைந்தவர் முதல் 59 வயது நிறையும் வரை உள்ளவர்க்கே அக்கட்டாயம். ஒரு முழு உணவும், காலை மாலைகளில் சிறிது உணவும் கொள்ளலாம்.

இனி நடைமுறையைக் கூறுவோம். புதிதாகத் தொடங்குவோர் ஒரு வேளை உணவை மட்டும் விடுதல் நலம். தண்ணீரை விட வேண்டுவதில்லை. விட்ட உணவின் நேரத்தை ஜெபத்திற்கும் வேத வாசிப்பிற்கும் ஒதுக்க வேண்டும். அந்நேரத்தைச் செய்தித்தாளுக்குக் கொடுத்தால் பயனில்லை. கணவர் நோற்க, மனைவி வழக்கம்போல் அடுப்படியில் நின்றால் அவருக்கு ஜெபத்திற்கு நேரம் ஏது? நோன்பு நாளில் கூடியவரை அடுப்புக்கும் ஓய்வு தருவதே நீதி. விட்ட உணவின் விலையை அன்றே எடுத்து வைக்க வேண்டும். நாளைக்கு என்றால் அது மறந்துபோம். நோன்பை முடிக்கும்போது விருந்து வேண்டா. எளிய கஞ்சியே வயிற்றுக்கும் உள்ளத்திற்கும் ஏற்றது.

நோற்கக் கூடாதவரும் உளர். சிறுவர், கருவுற்ற பெண்கள், பாலூட்டும் தாய்மார், நோயாளிகள், வெயிலில் உழைப்போர் ஆகியோர் உணவை விடலாகாது. நீரிழிவு நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ கொள்வோர் உணவைத் தவிர்த்தால், இரத்தத்தில் சர்க்கரை திடீரெனக் குறைந்து உயிருக்கே ஆபத்து நேரலாம். மருத்துவரைக் கேளாமல் நோற்றல் தகாது. தேர்வு எழுதும் மாணவனுக்கு நான் சொல்வது இது: தம்பி, நன்றாக உண்டு, நன்றாகப் படித்து, தேர்வுக்குச் செல். நோற்க விரும்பினால், ஒரு வாரம் திரைப்படத்தையும் வீண் பேச்சையும் விட்டுவிடு. தின்பண்டத்திற்கு வைத்திருக்கும் காசில், எழுதுகோல் வாங்க இயலாத உன் வகுப்பு மாணவனுக்கு ஒன்று வாங்கிக் கொடு.

திருவள்ளுவர் ஈகை அதிகாரத்தில் பசியைப் பொறுத்துக்கொள்ளும் வலிமையைப் போற்றுகிறார். ஆயினும் அதனைப் பிறர் பசியைத் தீர்ப்பவரின் வலிமைக்கு அடுத்த இடத்திலேயே வைக்கிறார். ஏசாயாவும் ஹெர்மாசும் கூறியதற்கு இது அயலானது அன்று. நோன்பு நாளின் மாலையில் நாம் கேட்டுக்கொள்ள வேண்டுவது, கடவுளிடம் எதனைப் பெற்றோம் என்பதன்று. நான் விட்ட சோறு இன்று எவர் இலைக்குச் சென்றது என்பதே கேள்வி. அதற்கு விடை இருக்குமாயின், அன்றைய ஜெபம் எளிதாகவே அமையும்.