ஆடற்கலையும் அன்றாட நடையும்

நிற்றல், நடத்தல், இருத்தல், குனிதல், சுமத்தல் என்பன மனிதன் நாள்தோறும் செய்யும் செயல்கள். இவற்றை முறையாகக் கற்பிப்போரும் அரியர், கற்போரும் அரியர். மொழியைத் திருத்தமாகப் பேசுதற்கு இலக்கணம் வேண்டும் என்பதை யாவரும் ஒப்புவர். உடலைத் திருத்தமாக இயக்குதற்கும் ஓர் இலக்கணம் உண்டு என்பதைச் சிலரே எண்ணுவர். அவ்விலக்கணத்தைத் தலைமுறை தலைமுறையாகப் பேணி வந்தோர் ஆடற்கலைஞர்கள். அவர்தம் அறிவு மேடையோடு நின்றுவிடுதல் வேண்டியதன்று. வயலுக்கும் வாவிக்கும் வகுப்பறைக்கும் அது பயன்படத் தக்கதே.

மட்டக்களப்பு மாவட்டத்தின் வடகோடியில், கடலுக்கும் களப்புக்கும் இடையே அமைந்த வாகரையை எடுத்துக்கொள்வோர்க்கு இவ்வுண்மை எளிதிற் புலனாகும். அங்கே வலை வீசுவோர் உளர்; வரம்பு வெட்டுவோர் உளர்; கிணற்றினின்றும் குடம் சுமப்போர் உளர். வெருகலைக் கடந்து கதிர்காமம் நோக்கிச் செல்லும் பாதயாத்திரை அடியார்களும் அவ்வழியே நடந்து செல்வர். இத்தகைய மக்களுக்கு உடலே முதல், உடலே கருவி. மண்வெட்டியின் கூர் மழுங்கினால் தீட்டிக்கொள்ளலாம். முள்ளந்தண்டு தளர்ந்தால் வேறொன்று வாங்குதல் இயலாது. ஆதலின் உடலை எவ்வாறு நிறுத்துவது, எவ்வாறு இயக்குவது என்னும் வினா அவர்க்கு அழகு பற்றியது மட்டுமன்று, வாழ்வு பற்றியதுமாகும்.

உடலியக்கத்தின் விதிகளை நுணுகி வகுத்துக்கொண்ட கலைகளுள் ஒன்று மேலைநாட்டுப் பாலே நடனம். இத்தாலிய அரசவைகளில் அரும்பி, பிரான்சில் வளர்ந்த இக்கலைக்கு, மன்னன் பதினான்காம் லூயி 1661ஆம் ஆண்டு பாரிசு நகரில் ஒரு கழகம் நிறுவினான். அவனுடைய ஆடலாசிரியரான பியேர் போஷாம் பாதங்களின் ஐந்து அடிப்படை நிலைகளை ஒழுங்குபடுத்தினார் என்பர். 1820ஆம் ஆண்டு மிலான் நகரில் கார்லோ பிளாசிஸ் வெளியிட்ட நூல், உடலின் சமநிலையையும் நேர்மையையும் விரித்துரைத்தது. உருசிய நாட்டில் அக்ரிப்பீனா வகானவா 1934இல் வெளியிட்ட நூல் இப்பயிற்சியை மேலும் முறைப்படுத்தியது. பார்ப்போர் கண்ணுக்கு இக்கலை நுனிக்காலில் நிற்பதாகவும் வானிற் பாய்வதாகவுமே தோன்றும். உண்மையில் அதன் அடித்தளம் வேறு. பாரத்தை எங்கே தாங்குவது, எங்கிருந்து அசைவைத் தொடங்குவது, நிலத்தை எவ்வாறு மிதிப்பது என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை காண்பதே அதன் நாட்பயிற்சியின் சாரம்.

இக்கலைக்கும் தமிழர் ஆடலுக்கும் இடையே ஒரு வரலாற்றுத் தொடர்பும் உண்டு. உருசிய ஆடலரசி அன்னா பாவ்லோவாவின் நட்பைப் பெற்ற ருக்மிணிதேவி அருண்டேல் (1904-1986), அவருடைய குழுவைச் சேர்ந்த கிளியோ நோர்டியிடம் பாலே பயின்றார். தம் நாட்டுக் கலையை நாடுமாறு பாவ்லோவா அவரைத் தூண்டினார். அதன்பின் அவர் பந்தணைநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை முதலியோரிடம் பரதம் கற்று, 1936இல் சென்னையிற் கலாக்ஷேத்திராவைத் தோற்றுவித்தார். பாலே மேல்நோக்கி எழ விழைவது. பரதம் அரைமண்டியில் நிலத்தோடு உறவாடுவது. எனினும் முதுகு நிமிர்ந்திருத்தல், முழங்கால் பாதத்தின் திசையிலேயே மடிதல், தோள்கள் தாழ்ந்து கழுத்து நீண்டிருத்தல் ஆகிய விதிகள் இரண்டிற்கும் பொது. சிங்கள மக்களின் கண்டிய நடனத்திலுள்ள ‘மண்டிய’ என்னும் அடிப்படை நிலையும் இதற்கு இனமானதே.

மட்டக்களப்பு மக்கள் இவ்வறிவைத் தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. வடமோடி, தென்மோடி என்னும் இருவகைக் கூத்துகளும் அவர்களுடைய பழஞ்சொத்து. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962இல் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு கர்ணன் போர் என்னும் கூத்தை மேடையேற்றியபோது, கற்றோர் கவனமும் இதன்பாற் திரும்பியது. பேராசிரியர் சி. மௌனகுரு இம்மரபை ஆழ்ந்து ஆராய்ந்தார். உழவரும் மீனவருமாகிய ஊர்மக்கள், அண்ணாவியாரின் மத்தளத்திற்கும் தாளத்திற்கும் இசைய, பல மாதங்கள் இரவிற் பயின்று ஆடுவது இக்கூத்து. வடமோடியின் அரசவேடத்தில் முடியும் உடுப்பும் பாரமானவை. அவற்றைத் தாங்கி விடியும்வரை ஆடுதல் வேண்டும். வட்டக்களரியைச் சுற்றிலும் மக்கள் அமர்ந்திருப்பர். ஆதலின் ஆடுவோனுக்கு முன்புறம், பின்புறம் என்னும் வேறுபாடு இல்லை. முதுகும் பார்க்கப்படுகின்றது. முதுகு கூனிய அரசன் எத்திசையிலும் அரசனாகத் தோன்றான். இவ்வாறு களரி, பெயரளவில் ஆடுகளமாயினும், பயனளவில் உடற்பயிற்சிக் கூடமாகவும் விளங்கியது.

இவ்வாடற் கலைகள் யாவற்றினின்றும் அன்றாட வாழ்விற்கு எடுத்துக்கொள்ளத்தக்க நெறிகள் நான்கு.

முதலாவது, நேர்நிலை. பக்கவாட்டில் நின்று நோக்கின், காது, தோள்முனை, இடுப்புமூட்டு ஆகியவை ஏறக்குறைய ஒரே தூக்குநூற் கோட்டில் அமைந்து, அக்கோடு கணுக்காலுக்குச் சற்று முன்னே நிலத்தைச் சேர்தல் வேண்டும். மனிதனுடைய தலையின் நிறை ஏறக்குறைய 5 கிலோகிராம். அது முள்ளந்தண்டின்மேல் நேராக அமர்ந்திருக்கும்போது கழுத்துத் தசைகள் சிறிதே உழைக்கின்றன; புத்தகத்தையோ கைப்பேசியையோ நோக்கி முன்சாயுந்தோறும் அவற்றின் உழைப்பு மிகுகின்றது. நிமிர்தல் என்பது நெஞ்சை முன்தள்ளி விறைத்து நிற்றலன்று. உச்சந்தலையை ஒரு நூல் மேலே இழுப்பதாகவும், தோள்கள் தம் பாரத்தாலேயே கீழே தாழ்வதாகவும் எண்ணுதல் போதும். முள்ளந்தண்டின் இயற்கை வளைவுகளை அழித்தல் ஆகாது. அவை பாரத்தைத் தாங்கும் வில்கள் போன்றவை.

இரண்டாவது, மடங்குமிடம். ஆடுவோன் தாழும்போது இடுப்பும் முழங்காலும் கணுக்காலும் ஒருங்கே மடிகின்றன. முதுகு தன் நீளத்தை இழப்பதில்லை. பாலேயில் ‘பிலியே’ எனவும் பரதத்தில் மண்டி எனவும் பயிலப்படுவது இதுவே. மீன்கூடையைத் தூக்குவோனுக்கு இதனினும் பயனுள்ள பாடம் இல்லை. முதுகுத் தசைகள் முள்ளந்தண்டின் நடுவிலிருந்து ஏறக்குறைய 5 சதமமீற்றர் தொலைவில் நின்று இழுக்கின்றன எனக் கொள்க. 10 கிலோகிராம் நிறையுள்ள கூடையை உடலினின்றும் 50 சதமமீற்றர் எட்டத்திற் பிடித்தால், அதன் பொருட்டு மட்டும் அத்தசைகள் 100 கிலோகிராம் நிறைக்கு ஈடான விசையைக் கொடுத்தல் வேண்டும். அதே கூடையை 20 சதமமீற்றர் அளவிற்கு அணைத்துக்கொண்டால் 40 போதும். கூடை மாறவில்லை, தூக்குவோனும் மாறவில்லை, தூக்கும் முறையே மாறியது. நெம்புகோலின் விதி பௌதிக வகுப்பிற்கு மட்டும் உரியதன்று.

மூன்றாவது, பாதம். குதிகால், பெருவிரலின் அடி, சிறுவிரலின் அடி என்னும் மூன்று இடங்களிலும் பாரம் பரவி நிற்பதே உறுதியான நிலை. ஆடற்பயிற்சி பெற்றோர் ஓரடி எடுத்துவைக்குமுன் பாரத்தை மற்றைக் காலுக்கு முற்றாக மாற்றுவர். ஆதலின் இடறுவது குறைவு. குதித்து இறங்கும்போது முழங்கால் மெல்ல மடிந்து அதிர்வை ஏற்கும். களப்பின் சேற்றில் நடப்போர்க்கும், வழுக்கும் வரம்பிற் சுமையோடு செல்வோர்க்கும், நெடுவழி நடக்கும் அடியார்க்கும் இது துணையாவது. முதியோர் விழுந்து எலும்பு முறிவதைத் தடுக்கவும் சமநிலைப் பயிற்சி உதவும் என்பது இக்கால மருத்துவர் கருத்து.

நான்காவது, அசைவின் தொடக்கம். கை வீசுவது கையினால் மட்டும் நிகழ்வதன்று. வீச்சுவலை எறிவோனை நோக்குக: பாதம் ஊன்றுகின்றது, இடுப்புத் திரும்புகின்றது, உடல் சுழல்கின்றது, அதன்பின்னரே கை விரிய வலை வட்டமாக விழுகின்றது. தோளினால் மட்டும் எறிவோன் விரைவிற் களைப்பான். பாலே ஆசிரியரும் கூத்து அண்ணாவியாரும் கற்பிக்கும் ஒழுங்கு இதுவே: நடுவுடல் முதலில், உறுப்புகள் பின்னர். மூச்சும் இதனோடு இயைதல் வேண்டும். மூச்சை அடக்கிக்கொண்டு செய்யும் வேலை விறைப்பையே வளர்க்கும்.

இவற்றைக் கொண்டு ஆடற்கலை எல்லா நோய்க்கும் மருந்து எனக் கூறுதல் பொருந்தாது. குற்றமற்ற ஒரே நிலை உண்டென்றும் அதனைக் கைக்கொண்டால் முதுகுவலியே வாராதென்றும் இக்கால ஆராய்ச்சி காட்டவில்லை. எத்துணைச் சிறந்த நிலையாயினும் நெடுநேரம் அசையாதிருத்தல் இடர் தரும். இடையிடையே எழுதலும் நிலைமாற்றுதலும் இன்றியமையாதன. பாலேயின் புறத்தோற்றத்தைப் பின்பற்றுவதிலும் தீங்கு உண்டு. கால்களை வெளிப்புறம் திருப்புதல் இடுப்புமூட்டிலே நிகழவேண்டியது. அதனை முழங்காலால் வலிந்து செய்வோர் மூட்டைக் கெடுத்துக்கொள்வர். ஆகவே எடுக்கவேண்டியது நெறி, கோலமன்று. வலியுடையோர் முதலில் மருத்துவரை நாடுதலே முறை.

சைவ மரபு உடம்பை இழித்து ஒதுக்கியதில்லை. திருமூலர் உடம்பை இறைவன் உறையும் கோயிலாகக் கண்டார். தில்லைக் கூத்தனோ ஆடும் கோலத்திலேயே வழிபடப்படுகின்றான். அம்மரபில் வந்த மாணவர் உடலைப் பேணுதலைக் கல்விக்குப் புறம்பானதாகக் கருதுதல் தகாது. வகுப்பிற் கூனி இருக்கும் பழக்கம் இளமையிலே படிகின்றது. வளர்ச்சியை நாணித் தோள் குறுக்கும் சிறுமியரும் பலர். நாளொன்றுக்குப் பத்து நிமிடமேனும் ஆடற்பயிற்சி தரும் பாடசாலை, அவர்க்குத் தேர்விற் புள்ளி தராத ஒரு செல்வத்தைத் தருவதாகும். கூத்து ஆண்டுவிழாவுக்கான காட்சிப்பொருளாக மட்டும் சுருங்குமாயின், ஊர் இழப்பது ஒரு கலையை மட்டுமன்று. பொருட்செலவின்றி மக்களுக்கு உடலியக்கத்தைக் கற்பித்த பள்ளியையுமாகும். அப்பள்ளியின் ஆசிரியர் இன்னும் உளர். அவரிடம் மாணவரை அனுப்புதலே செய்யத்தக்கது.