திருப்பலியும் தொண்டும்: மைக்கல் றொட்றிகோ பற்றிய ஒரு குறிப்பு

சமயம் துன்பத்தின் வெளிப்பாடாகவும் அதற்கெதிரான குரலாகவும் ஒருங்கே அமைவதை, 1844 இல் வெளிவந்த தமது கட்டுரையொன்றில் மார்க்ஸ் சுட்டினார். இவற்றுள் பின்னையதை நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். அதனை மனங்கொண்டே, அமலமரித் தியாகிகள் சபைக் குருவான மைக்கல் றொட்றிகோவின் (1927–1987) பணியை மதிப்பிடல் வேண்டும்.

இறையியல் கற்பித்துவந்த இவர், 1980 இல் மொனராகலை மாவட்டத்துப் புத்தலவில் வறிய பௌத்த விவசாயிகளிடையே குடியேறி, 'சுப செத் கெதர' என்னும் சிறு இல்லத்தை அமைத்தார். மதமாற்றம் அவர் நோக்கமன்று. உடல்நலம், கல்வி, நிலம் முதலிய பிரச்சினைகளில் கிராமத்தவருடன் நிற்பதே அவரது தொண்டாயிற்று. மேலிருந்து வழங்கப்படும் தருமத்தினின்றும் இது அடிப்படையில் வேறானது. தருமம் வறுமையைத் தணிக்க முயல்கிறது. உடன்நிற்றலோ அவ்வறுமையின் காரணத்தை வினவத் தூண்டுகிறது.

வழிபாடும் தொண்டும் அவரிடத்து இருவேறு துறைகளாக இருக்கவில்லை. 1987 நவம்பர் 10 ஆம் நாள், திருப்பலி வேளையிலேயே அவர் சுட்டுக்கொல்லப்பட்டார்.

ஒருவரது நம்பிக்கை யாது என்பதைவிட, அது அவரை யார் பக்கம் நிறுத்துகிறது என்பதே நமது ஆய்வுக்குரிய வினாவாகும். சமயம் முழுவதையும் பிற்போக்கென ஒதுக்கும் பொதுவிதி இவ்வாழ்வை விளக்கப் போதாது.